டைஸ் 0.91 வந்தாச்சு, இனியும் மெஷின் வரைந்த கட்டியின் ஓரக் கோட்டை உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?

பிப்ரவரி 3, காலை 9.12 · கேட்டவர்

மூளை எம்ஆர்ஐயில் கட்டியின் ஓரத்தைத் தானாக வரைய, என்என்யூநெட் என்ற மென்பொருளில் ஒரு மாதிரிக்குப் பயிற்சி கொடுத்தேன். நான்கு வகைப் படங்கள்: டி1, காண்ட்ராஸ்ட் மருந்து கொடுத்த டி1, டி2, ஃப்ளேர். ஐந்து மடிப்புச் சரிபார்ப்பில் (தொகுப்பை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒதுக்கி வைத்துச் சோதிப்பது) முழுக் கட்டிக்கு டைஸ் 0.91; மெஷின் வரைந்ததும் கையால் வரைந்ததும் முழுக்க ஒத்தால் 1. அனுபவசாலிகள் இரண்டு பேர் தனித்தனியாக வரைந்தாலே இந்த அளவுக்கு ஒத்துப்போகாது. மெஷின் வரைந்ததை மறுபடி ஒருவர் ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பார்ப்பது நேர விரயம் என்பது என் கட்சி. மறுப்பு உண்டா?

பிப்ரவரி 3, காலை 10.40 · பதில்

உண்டு. 0.91 என்பது எதற்கு? முழுக் கட்டிக்கு. அதாவது சுற்றியுள்ள வீக்கத்தையும் சேர்த்து. மூன்று எண்ணில் சுலபமானது அதுதான். ஃப்ளேரில் வீக்கம் பளிச்சென்று கிடக்கும், என்என்யூநெட்டின் அடிப்படையான 2015இன் சாதாரண யூநெட்டே அதைப் பிடித்துவிடும். காண்ட்ராஸ்ட் ஏறும் பகுதிக்கு எவ்வளவு, செத்த நடுப்பகுதியையும் சேர்த்த கட்டி மையத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போடுங்கள். பிராட்ஸ் என்ற மூளைக் கட்டி வரைவுப் போட்டியில் மூன்றையும் பிரித்துக் கேட்பது இதற்காகத்தான்.

சராசரி மட்டும் போதாது. மிக மோசமான பத்து ஸ்கேன்களின் எண்ணையும் போடுங்கள்.

பிப்ரவரி 3, பிற்பகல் 1.05 · பதில்

டைஸ் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணின் மேல் உள்ள மயக்கம் தெளியும். இரண்டு மாஸ்க்குக்கும் (கட்டி என்று குறித்த பகுதி; ஒன்று கையால் வரைந்தது, ஒன்று மெஷின் வரைந்தது) பொதுவான கன அளவை இரட்டித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

60 மிமீ விட்டமுள்ள உருண்டைக் கட்டி. மெஷின் சுற்றிலும் 1 மிமீ வெளியே தள்ளி வரைகிறது. ஆரம் 30, 31. டைஸ் 0.95. இப்போது 10 மிமீ கட்டி, அதே 1 மிமீ பிழை. ஆரம் 5, 6. டைஸ் 0.73. கோடு தவறிய தூரம் ஒன்றே. ஒன்றுக்குப் பாராட்டு, இன்னொன்றுக்குக் குட்டு. ஆகவே உங்கள் 0.91இல் பாதி, தொகுப்பில் எத்தனை பெரிய கட்டிகள் இருந்தன என்பதைத்தான் சொல்கிறது.

இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் மோசம். அதே 60 மிமீ கட்டி, பக்கத்தில் தனியாக ஒரு 10 மிமீ முடிச்சு. பெரியதை மெஷின் அச்சு அசலாக வரைந்துவிட்டு முடிச்சை அடியோடு விட்டுவிட்டது என்று வையுங்கள். டைஸ் 0.998. நோயாளியின் திட்டத்தையே மாற்றக்கூடிய முடிச்சு, மூன்றாம் தசமத்தில் ஒளிந்துகொள்கிறது.

அதனால் டைஸோடு 95ஆம் சதமான ஹவுஸ்டார்ஃப் தூரத்தையும் (இரண்டு ஓரங்களும் அதிகம் விலகும் தூரம்) போடுங்கள். அது விட்டுப்போனதைக் காட்டிக்கொடுக்கும்.

பிப்ரவரி 3, பிற்பகல் 1.30 · பதில்

ஒரு துணுக்கு. டைஸ் தாயக்கட்டை அல்ல. லீ டைஸ் என்ற சூழலியலாளர் 1945இல், இரண்டு உயிரினங்கள் எந்த அளவு ஒரே இடத்தில் சேர்ந்து காணப்படுகின்றன என்று அளக்கப் போட்ட கணக்கு. சில நாள் தாயம் உருட்டுவது போலவும் இருக்கும், அது வேறு விஷயம்.

பிப்ரவரி 4, காலை 8.20 · பதில்

நேற்று 1.05க்கு ஹவுஸ்டார்ஃப் பற்றி நான் எழுதிய கடைசி வரி தப்பு. திருத்திக்கொள்கிறேன்.

95ஆம் சதமான ஹவுஸ்டார்ஃப், மேற்பரப்புப் புள்ளிகளில் மிக மோசமான 5 சதவீதத்தைக் கணக்கில் எடுக்காது. 10 மிமீ முடிச்சின் மேற்பரப்பு, 60 மிமீ கட்டியினுடையதில் 36இல் ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்த மொத்தத்தில் 2.7 சதவீதம். 5க்குள் அடங்கிவிட்டது. தூரம் 0 என்றே வரும்! டைஸும் பார்க்கவில்லை, இதுவும் பார்க்கவில்லை. சதமானம் போடாத முழு ஹவுஸ்டார்ஃப் பிடிக்கும். ஆனால் எங்கோ மூலையில் ஒற்றை வோக்சல் (முப்பரிமாணப் படப்புள்ளி) தப்பாகக் குறிக்கப்பட்டாலும் அதுவும் அலறும்.

சரியான வழி, கட்டி கட்டியாக எண்ணுவது. கையால் வரைந்த மாஸ்க்கில் ஒன்றோடொன்று ஒட்டாத துண்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் கிடைத்ததா, விட்டுப்போனதா, ஸ்கேனுக்கு எத்தனை பொய்க் கட்டிகள் என்று தனிப் பட்டியல் போடுங்கள். பிராட்ஸ்காரர்களும் 2023இல் இந்தக் கட்டிவாரிக் கணக்குக்கு மாறிவிட்டார்கள்.

பிப்ரவரி 4, காலை 11.50 · கேட்டவர்

மோசமான பத்தைப் பார்த்தேன். இரண்டில் விசித்திரம். வீக்கத்தின் வெளி ஓரத்தைச் சுற்றி ஒரு வோக்சல் அகலத்துக்கு நெக்ரோசிஸ் (செத்த திசு) வளையம். கையால் வரைந்த மாஸ்க்கிலேயே இருக்கிறது. இப்படி யார் வரைவார்கள்?

பிப்ரவரி 4, மதியம் 12.15 · பதில்

யாரும் வரையவில்லை. மாஸ்க்கின் அளவை மாற்றியபோது நேரியல் இடைக்கணிப்பு (பக்கத்து எண்களின் சராசரியை இடையில் போடுவது) ஓடியிருக்கிறது. பழைய பிராட்ஸ் லேபிள்களில் 0 பின்னணி, 1 நெக்ரோசிஸ், 2 வீக்கம், 4 காண்ட்ராஸ்ட் ஏறும் பகுதி. 0க்கும் 2க்கும் நடுவில் சராசரி 1. கணக்குப்படி சரி, உடற்கூறுப்படி அபத்தம்.

கண்ணில் பட்ட இந்த வளையத்தை விட, படாததுதான் கவலை. காண்ட்ராஸ்ட் ஏறும் பகுதி நேராகப் பின்னணியைத் தொடும் இடத்தில் 0க்கும் 4க்கும் நடுவில் 2 வரும். அது பார்க்க இயல்பான வீக்க ஓரம் மாதிரியே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. மெஷின் அதையும் பாடமாகப் படித்துக்கொள்ளும்.

மாஸ்க்குக்கு அண்மை அயலார் முறை (மிக அருகில் உள்ள எண்ணையே அப்படியே எடுப்பது) மட்டும். ஓரம் படிக்கட்டாகத் தெரிவது பிடிக்கவில்லை என்றால் ஒவ்வொரு லேபிளையும் தனி 0/1 படமாகப் பிரித்து, தனித்தனியே நேரியலாக மாற்றி, வோக்சலுக்கு எது பெரியதோ அதை எடுங்கள். மாற்றிய பிறகு மாஸ்க்கில் உள்ள எண்களின் பட்டியலை ஒருமுறை அச்சிட்டுப் பார்ப்பதும் நல்லது. 3 என்று ஒன்று தலைகாட்டினால் அங்கேயே பிடிபடும்.

பிப்ரவரி 4, மாலை 6.02 · பதில்

இதே குடும்பத்தில் சத்தமே போடாத இன்னும் மூன்று பிழைகள்.

வரிசைக் குழப்பம். என்என்யூநெட் கோப்புப் பெயரின் கடைசியில் 0000, 0001, 0002, 0003 என்று எதிர்பார்க்கும். ஒரு நோயாளிக்கு டி1ஐயும் காண்ட்ராஸ்ட் டி1ஐயும் இடம் மாற்றி வைத்தால் நிரல் முனகாது. ஏதோ ஒரு மாஸ்க் வரும், பார்வைக்கு நம்பும்படியும் இருக்கும்.

திசைக் குழப்பம். டைக்காம் கோப்பு வகையில் முதல் அச்சு நோயாளியின் இடப்பக்கம் நோக்கியும் இரண்டாவது முதுகுப்பக்கம் நோக்கியும் ஏறும். நிஃப்டி கோப்பு வகையில் இரண்டும் நேரெதிர். மாற்றும்போது முதல் அச்சின் குறியை மட்டும் விட்டால் இடது வலதாகிவிடும். வயிற்று ஸ்கேனில் கல்லீரல் எந்தப் பக்கம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். மூளை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் கட்டி எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தும் படம் அழகாகவே தெரியும்.

மூன்றாவது சிடிக்கு. கோப்பில் கிடக்கும் எண்ணும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணும் (சிடியின் அடர்த்தி அளவு) ஒன்றல்ல. கோப்பின் தலைப்பில் உள்ள சாய்வால் பெருக்கி, வெட்டைக் கூட்டிய பிறகுதான் காற்று -1000, தண்ணீர் 0 என்று வரும். வெட்டு -1024 இருந்து அதைப் போட மறந்தால் தண்ணீர் 1024இல் நிற்கும். என்என்யூநெட் சிடிக்கு, பயிற்சித் தொகுப்பில் லேபிள் உள்ள வோக்சல்களின் 0.5, 99.5 சதமானங்களுக்கு வெளியே உள்ளதை வெட்டிவிடும். எனவே மென்திசு முழுவதும் உச்சியில் ஒட்டி ஒரே வெள்ளையாகிவிடும். ஸ்கேனில் உடம்புக்கு வெளியே உள்ள காற்றில் சுட்டியை வைத்து எண்ணைப் பாருங்கள். ஐந்து விநாடி வேலை.

பிப்ரவரி 5, காலை 9.30 · பதில்

ஒன்று கேட்க மறந்தேன். ஒரே நோயாளியின் இரண்டு தேதி ஸ்கேன்கள் உங்கள் தொகுப்பில் இருக்கின்றனவா? என்என்யூநெட் தானாகப் பிரிக்கும் ஐந்து மடிப்புக்கு நோயாளி யார் என்று தெரியாது, கோப்புதான் தெரியும். ஜனவரி ஸ்கேன் பயிற்சியில், ஏப்ரல் ஸ்கேன் சரிபார்ப்பில் விழுந்தால் வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டு எழுதிய தேர்வு அது.

பிப்ரவரி 5, காலை 9.48 · கேட்டவர்

இருக்கின்றன. நிறையவே.

பிப்ரவரி 5, காலை 10.10 · பதில்

முன்தயாரிப்புக் கோப்புறையில் ஸ்ப்ளிட்ஸ் ஃபைனல் என்று ஒரு ஜேசன் கோப்பு இருக்கும். அதைக் கையால் எழுதுங்கள், ஒரு நோயாளியின் எல்லா ஸ்கேனும் ஒரே மடிப்பில். முன்தயாரிப்பை மறுபடி ஓட்டத் தேவையில்லை. பயிற்சியை ஐந்து மடிப்புக்கும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். மடிப்புக்கு 1000 சுற்று, சுற்றுக்கு 250 தொகுதி. ஜிபியு கொஞ்சம் வியர்க்கட்டும்.

பிப்ரவரி 7, இரவு 8.25 · கதிர்சிகிச்சைப் பக்கத்திலிருந்து ஒருவர்

இந்த உரையாடலில் "கட்டியின் கோடு" என்று ஒரே சொல்லாக ஓடுகிறது, அதனால் இடையில் வருகிறேன். எங்களுக்கு மூன்று கோடு. கண்ணுக்குத் தெரியும் கட்டி ஜிடிவி. தெரியாத நுண்பரவலையும் சேர்த்தது சிடிவி. நோயாளியைப் படுக்க வைப்பதில் வரும் பிசகுக்கு இடம் விட்டது பிடிவி. மெஷின் ஜிடிவிக்குத்தான் உதவும். ஸ்கேனில் தெரியாததை ஸ்கேனிலிருந்து கற்க முடியாது.

பிராட்ஸ் மாஸ்க்கின் வீக்கப் பகுதியை அப்படியே சிடிவி என்று வைத்துக்கொள்வதும், ஜிடிவியை எல்லாப் பக்கமும் சமமாக ஊத வைத்துவிட்டு அதுதான் சிடிவி என்பதும் நடக்கிறது. சமமாக ஊதினால் கோடு மண்டை எலும்புக்குள் போகும், நடு மடிப்புச் சவ்வைத் தாண்டி எதிர்ப்பக்கமும் போகும். கட்டி பரவாத தடைகளில் கோட்டை வெட்ட வேண்டும். அந்தத் தீர்மானம் ஆள் எடுப்பது.

கோப்பு மாற்றமும் கவனம். ஆர்டி ஸ்ட்ரக்ட் (திட்டமிடும் கணினிக்குக் கோடுகளைக் கொண்டுபோகும் கோப்பு) என்பது ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பலகோணங்கள், மாஸ்க் அல்ல. நடுவில் ஓட்டை உள்ள மாஸ்க்கைப் பலகோணமாக்கினால் சில மென்பொருள்கள் ஓட்டையை நிரப்பிவிடும். அனுப்பிய பிறகு திட்டமிடும் கணினி காட்டும் கன அளவும் மாஸ்க்கின் கன அளவும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரு ஸ்லைஸ் விட்டுப்போனாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

பிப்ரவரி 7, இரவு 9.40 · பதில்

நன்றி, நான் சொல்லியிருக்க வேண்டியது. அறுவைக்குப் பின் எடுத்த ஸ்கேன்களைப் பற்றியும் சேர்க்கிறேன். கட்டியை எடுத்த குழியின் ஓரத்தில் தங்கிய ரத்தம் சில நாளில் காண்ட்ராஸ்ட் இல்லாத டி1லேயே வெள்ளையாகிவிடும். மெஷின் அதை மிச்சக் கட்டி என்று வரையும். காண்ட்ராஸ்ட் டி1லிருந்து சாதா டி1ஐக் கழித்த படத்தைப் பக்கத்தில் வையுங்கள். கழித்த பிறகும் வெள்ளையாக நிற்பதுதான் காண்ட்ராஸ்ட் ஏறியது. பிராட்ஸ் 2024இல்தான் சிகிச்சைக்குப் பிந்தைய கிளையோமா என்ற மூளைக் கட்டியையும் அறுவைக் குழிக்கு ஒரு தனி லேபிளையும் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய தொகுப்பில் படித்த மாதிரிக்குக் குழி என்றால் என்னவென்றே தெரியாது, தெரிந்த நான்கில் ஒன்றை ஒட்டிவிடும்.

பிப்ரவரி 8, காலை 7.55 · கேட்டவர்

நோயாளிவாரியாகப் பிரித்து இரண்டு மடிப்பு முடிந்தது. எண் இறங்கிவிட்டது. காண்ட்ராஸ்ட் பகுதிக்கு நன்றாகவே இறங்கியது. பிந்தைய செயலாக்கத்தில் சின்னத் துண்டுகளை அழித்தால் கொஞ்சம் ஏறுகிறது. அழிக்கலாமா?

பிப்ரவரி 8, காலை 9.15 · பதில்

ஏன் ஏறுகிறது என்று முதலில் பாருங்கள். கையால் வரைந்ததில் காண்ட்ராஸ்ட் பகுதியே இல்லாத நோயாளிக்கு, மெஷினும் ஒன்றும் வரையாவிட்டால் டைஸ் 1, ஒரு வோக்சல் வரைந்தாலும் 0 என்பது பிராட்ஸில் இருந்த விதி. ஆகவே குறிப்பிட்ட வோக்சலுக்குக் குறைவான காண்ட்ராஸ்ட் துண்டை நெக்ரோசிஸ் என்று பெயர் மாற்றினால் சராசரி ஏறும். போட்டிக்கு நல்ல உத்தி. வார்டில் அந்தச் சின்னத் துண்டுதான் கட்டி திரும்புவதன் முதல் அடையாளமாக இருக்கலாம்.

அழிக்காதீர்கள், ஒதுக்குங்கள். சின்னத் துண்டுகளை வேறு நிறத்தில் "பார்க்க வேண்டியவை" என்று தனி லேபிளில் போட்டுப் பட்டியலாகக் கொடுங்கள்.

பிப்ரவரி 8, மாலை 4.30 · பதில்

முதல் கேள்விக்கு இப்போது நேராக வருகிறேன். பார்க்க வேண்டுமா? வேண்டும். ஸ்லைஸ் ஸ்லைஸாக ஒரே கவனத்தோடு வேண்டுமா? அதில் நீங்கள் சொன்னது பாதி சரி. பிழை எங்கும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. இருக்கும் இடங்களில் நேரத்தைச் செலவிட்டால் போதும்.

முதல் பார்வை மாஸ்க் இல்லாமல். மாஸ்க்கை அணைத்துவிட்டு ஸ்கேனை மேலிருந்து கீழ் ஒருமுறை ஓட்டி, கட்டிகள் எத்தனை என்று மனதில் ஓர் எண் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாஸ்க்கை ஏற்றுங்கள். முதலிலேயே வண்ணம் போட்டுப் பார்த்தால் கண் வண்ணத்தின் பின்னாலேயே போகும். வண்ணம் இல்லாத இடத்தில் உள்ள கட்டியைப் பார்க்காது.

அடுத்தது உச்சியும் அடியும். இதில்தான் நேரம் போக வேண்டும். 5 மிமீ ஸ்லைஸில் 10 மிமீ முடிச்சு பொருந்தி விழுந்தால் இரண்டு ஸ்லைஸில் அடங்கும், அரை ஸ்லைஸ் தள்ளி விழுந்தால் மூன்றில். அப்போது மேல், கீழ் ஓர ஸ்லைஸ்கள் பாதி கட்டி, பாதி நல்ல திசு, சாம்பலாகத் தெரியும். மெஷின் அந்த இரண்டையும் விட்டால் முடிச்சின் கன அளவில் 31 சதவீதம் காணாமல் போகும். குறுக்குவெட்டுப் படத்தை மட்டும் பார்த்தால் நடு ஸ்லைஸில் கோடு கச்சிதமாக இருக்கும், எல்லாரும் திருப்தியாகி எழுந்துவிடுவோம். பக்கவாட்டு, முன்பக்க வெட்டுகளைத் திறந்தால் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டது உடனே தெரியும்.

மாஸ்க்கை நிரப்பிய நிறமாக வைக்காதீர்கள், ஓரக் கோடாக வையுங்கள். நிறம் ஓரத்தை மூடிவிடும். விண்டோவையும் (படத்தின் வெளிச்ச வரம்பு) நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் முடிச்சை மென்திசு விண்டோவில் பார்த்தால் சிறுக்கும், நுரையீரல் விண்டோவில் பெருக்கும். மெஷின் ஒன்றில் வரைந்தவர்களிடம் கற்றிருக்கும், நீங்கள் இன்னொன்றில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

பிப்ரவரி 8, மாலை 5.10 · பதில்

சேர்க்கை: கல்லீரல் சிடி என்றால் கோட்டைப் பார்க்கும் முன், காண்ட்ராஸ்ட் ஏற்றிய பின் எந்தக் கட்டத்தில் எடுத்தது என்று பாருங்கள். பெருந்தமனி பளிச்சென்று, கல்லீரல் சிரைகள் இருட்டாக இருந்தால் தமனிக் கட்டம். அதற்குப் பின் வரும் போர்ட்டல் கட்டத்தில் மட்டும் படித்த மாதிரி, கட்டி என்றால் கருமை என்று பழகியிருக்கும். தமனிக் கட்டத்தில் கல்லீரல் செல் புற்று வெள்ளையாக வரும். தலைப்பில் எழுதியிருக்கும் கட்டத்தின் பெயரை நம்ப வேண்டாம், ரத்தக் குழாய்களை நம்புங்கள்.

பிப்ரவரி 9, காலை 10.00 · கேட்டவர்

மென்பொருளே "இங்கே எனக்கு உறுதியில்லை" என்று சொல்ல வைக்க முடியாதா? ஒவ்வொரு வோக்சலுக்கும் மாதிரி கொடுக்கும் 0 முதல் 1 வரையிலான சாஃப்ட்மேக்ஸ் எண் இருக்கிறதே.

பிப்ரவரி 9, காலை 10.35 · பதில்

அந்த எண்ணை நிகழ்தகவு என்று எடுக்காதீர்கள். டைஸையே இலக்காக வைத்துப் பயின்ற மாதிரி எதையும் 0 அல்லது 1 பக்கம் தள்ளிவிடும். தப்பாகச் சொன்னாலும் அடித்துச் சொல்லும். ஐந்து மடிப்பு மாதிரிகளையும் தனித்தனியாக ஓட்டி, எங்கே 3க்கு 2 என்று பிரிகின்றன என்று படம் போடுவது மேல். ஆனால் ஐந்தும் ஒரே ஆட்களின் வரைவில் படித்தவை. அந்த ஆட்கள் எல்லாரும் விடும் இடத்தை ஐந்தும் ஒற்றுமையாக விடும்.

பிப்ரவரி 9, பிற்பகல் 2.20 · கதிர்சிகிச்சைப் பக்கத்திலிருந்து ஒருவர்

தொடர் ஸ்கேனில் கன அளவை வைத்து "வளர்ந்துவிட்டது" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வரி. ரெசிஸ்ட் 1.1 என்ற கட்டி மதிப்பீட்டு விதியில் விட்டங்களின் கூட்டுத்தொகை 20 சதவீதம் கூடினால் வளர்ச்சி. உருண்டைக் கணக்கில் அது கன அளவில் 73 சதவீதம். 30 சதவீதம் குறைந்தால் பகுதிப் பலன். கன அளவில் 66 சதவீதக் குறைவு. விட்டத்தின் வரம்பைக் கன அளவுக்கு அப்படியே போட்டால் கோட்டின் நடுக்கமெல்லாம் வளர்ச்சியாகத் தெரியும். 20 சதவீதத்தோடு கூட்டுத்தொகை குறைந்தது 5 மிமீயாவது கூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. சின்ன முடிச்சுகளுக்கு அது ஒரு வேலி.

பிப்ரவரி 10, இரவு 9.05 · கேட்டவர்

சரி, கட்சி மாறிவிட்டேன். திருத்திய மாஸ்க்குகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. இவற்றை வைத்தே அடுத்த பதிப்புக்குப் பயிற்சியும் சோதனையும் வைத்துக்கொள்ளலாமா?

பிப்ரவரி 10, இரவு 9.50 · பதில்

பயிற்சிக்கு வைக்கலாம். சோதனைக்குக் கூடாது. மெஷின் கோட்டைத் திருத்துகிறவர் பெருந்தவறை மாற்றுவார், 1 மிமீ விலகலை "இருக்கட்டும்" என்று விட்டுவிடுவார். அந்த மாஸ்க்கை வைத்து மெஷினையே மதிப்பிட்டால் அதன் பழக்கத்தை அதனுடனேயே ஒப்பிட்டது ஆகும், டைஸ் அமோகமாக வரும்.

சோதனைக்கு என்று ஒரு தொகுப்பை இப்போதே ஒதுக்கி, அதை மட்டும் வெற்று ஸ்கேனிலிருந்து இரண்டு பேர் ஒருவர் வரைவை மற்றவர் பார்க்காமல் வரையட்டும். இரண்டையும் கலந்து ஒன்றாக்காமல் தனித்தனிக் கோப்பாகவே வையுங்கள். அவர்களுக்குள் எத்தனை டைஸ் என்பதுதான் மெஷினை நிறுத்திப் பார்க்க வேண்டிய அளவுகோல், நீங்கள் முதல் நாள் ஊகமாகச் சொன்ன அதே எண். மெஷின் கொடுத்த மூல மாஸ்க்கையும் திருத்தியதையும் ஒரே பெயரில் மேலெழுதிவிடாதீர்கள். எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, எந்த லேபிளில் எத்தனை வோக்சல் மாறியது என்று பக்கத்தில் ஓர் அட்டவணை. மூன்று மாதம் கழித்து அதைத் திறந்தால் மாதிரி எங்கே திரும்பத் திரும்பச் சறுக்குகிறது என்று தெரியும். பெரும்பாலும் உச்சியிலும் அடியிலும்தான்.

பிப்ரவரி 10, இரவு 10.02 · கேட்டவர்

ஒரு வாரமாக மேலெழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிப்ரவரி 10, இரவு 10.06 · பதில்

மூல மாஸ்க் திரும்பக் கிடைக்கும். அதே எடைக் கோப்பு (பயின்ற மாதிரி சேமிக்கப்பட்ட கோப்பு), அதே அமைப்புகள், கண்ணாடித் திருப்பலை (படத்தைத் திருப்பியும் ஓட்டிச் சராசரி எடுப்பது) அணைக்காமல் மறுபடி ஓட்டுங்கள். இன்றிரவே எடைக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவிட்டுத் தூங்குங்கள்.